‘நீங்க நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க மேடம்!’
மனசு பேசட்டும் – வாசகர் கேள்விகளுக்கு மதுரை உளவியல் ஆலோசகரின் பதில்கள்

(என் அறைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஊர், தொழில், வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.)

எனக்கு 34 வயது. கூட்டுக் குடும்பம். ஒரு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை, சின்ன விஷயத்துக்கும் அழுகை வருகிறது. தோழி சொன்னாள் என்று ஒரு தெரபிஸ்டிடம் நாலு தடவை போய் வந்தேன். ‘உங்களுக்கு என்ன தோணுது?’ என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். ஒரு யோசனையும் சொல்லவில்லை. என் சித்தியிடம் போயிருந்தால்கூட நாலு வார்த்தை புத்தி சொல்லி அனுப்பியிருப்பார். நானே பேசிவிட்டு நானே காசும் கொடுத்துவிட்டு வருவது என்ன வைத்தியம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

உங்கள் எரிச்சல் நியாயமானது. இதே வார்த்தைகளில் அதை அவரிடமே சொல்லுங்கள், ‘என் சித்தியே தேவலை’ என்பது உட்பட. அவர் நல்ல தெரபிஸ்டாக இருந்தால் முகம் சுளிக்க மாட்டார். வீட்டில் யாரிடமும் காட்ட முடியாத கோபத்தை நீங்கள் அவரிடம் காட்டினால், அன்றைக்குத்தான் நிஜமான வேலை ஆரம்பிக்கும்.

யோசனை சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கணவர் சம்பளத்தை அப்படியே மாமியார் கையில் கொடுத்துவிடுகிறார், சோப்பு வாங்கக்கூட அவரிடம்தான் கேட்டு நிற்க வேண்டும் என்று சொல்லி அழுதாள். எனக்கே கோபம் வந்துவிட்டது. இரண்டாவது செஷனிலேயே, ‘நேரா உட்கார்ந்து பேசும்மா. இனிமே வீட்டுச் செலவுக் காசு என் கையில வரணும்னு தெளிவாச் சொல்லு’ என்றேன். ‘சரிங்க மேடம்’ என்று போனவள் அதன்பிறகு வரவில்லை.

எட்டு மாதம் கழித்து வந்தாள். நான் சொன்னபடியே கேட்டிருக்கிறாள். வீட்டில் பெரிய சண்டை. மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்திருக்கிறாள். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆன பிறகு, ஏழாம் மாதத்தில் தவறிப்போன தன் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். பிள்ளையை அவள் கண்ணில்கூடக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே, ‘அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே, அடுத்ததைப் பாரு’ என்று சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் முதல் தடவை வந்ததே அதைச் சொல்லத்தான். சம்பள விஷயம் வெறும் வாசல். வாசலில் நிற்கும்போதே நான் புத்தி சொல்லி அனுப்பிவிட்டேன். இருபது வருடம் ஆகியும் அந்தச் ‘சரிங்க மேடம்’ என் காதை விட்டுப் போகவில்லை.

சித்தி புத்தி சொல்லும்போது, தான் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்கிறார். அதில் பாசமும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. ஆனால் அது சித்தியின் அனுபவம். தெரபிஸ்ட் உங்களுடையதைத் தேடுகிறார். எப்படித் தேடுவார் என்று கேட்டால், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. காதும் கண்ணும்தான்.

சத்துணவு மையத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். உடம்பெல்லாம் வலி, எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் அனுப்பியிருந்தார். மகன் பேசுவதில்லை, ‘பரவாயில்லை.’ மருமகள் பண்டிகைக்குக்கூட வரவில்லை, ‘பரவாயில்லை.’ நான் குறித்துக்கொண்டே வந்தேன். நாற்பது நிமிடத்தில் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் முந்தானை நுனியைப் பீடி சுற்றுவதுபோல விரலால் இறுக்கிச் சுருட்டினார். ‘அக்கா, பரவாயில்லைனு சொல்றப்பல்லாம் உங்க கை என்ன செய்யுது பாருங்க’ என்றேன். குனிந்து பார்த்தார். முந்தானை கசங்கிச் சுருண்டு கிடந்தது. என் அறைக்குக் கீழே மாவு மில். அது ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, ‘இது எங்கம்மா சொல்ற வார்த்தை’ என்றார். ஆறு பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டுப் பானையில் மிஞ்சிய நீராகாரத்தை உப்புப் போட்டுக் குடித்துவிட்டு அம்மா சொல்லுமாம், ‘பரவாயில்லை, எனக்குப் பசிக்கல.’ சொல்லி முடித்ததும், ‘அம்மாவுக்குப் பசிச்சிருக்கும்ல, மேடம்?’ என்று என்னைக் கேட்டார்.

‘நீங்கள் ஆசைகளை அடக்கிக்கொள்கிறீர்கள்’ என்று நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. தலையாட்டிவிட்டுப் போயிருப்பார், அவ்வளவுதான். தானே கண்டுபிடித்ததால் அது அவரிடம் தங்கியது. அடுத்த வாரம் வந்தவர், ‘எனக்கு முட்டி வலிக்குது, இந்தப் பாத்திரத்தை நீ தேய்’னு மகள்கிட்ட சொல்லிட்டேன் என்றார். முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் தெரபிஸ்டுக்கு நான் முழுதாகப் பரிந்து பேசப்போவதில்லை. எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல் எழுதினார்: இலக்கு என்ன, அதற்கு இருவரும் என்ன செய்யப்போகிறோம், இருவருக்கும் இடையே நம்பிக்கை இருக்கிறதா என்ற மூன்றும்தான் இந்த உறவின் கால்கள் என்று. நாலு செஷன் ஆகியும் எதற்காக என்ன செய்கிறோம் என்று உங்களுக்குப் புரியவில்லை என்றால் முதல் இரண்டு கால்களும் ஊன்றவில்லை. அதை விளக்க வேண்டியது அவர் பொறுப்பு. தூக்கத்துக்கு உடனே சொல்லித்தரக்கூடிய நேரடியான வழிமுறைகள் இருக்கின்றன. அதைக்கூடச் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பொறுமை இல்லை. கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் வேறொருவரிடம் போகலாம், தப்பே இல்லை.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மகனுக்கு 29 வயது, பெங்களூரில் வேலை. ஆறு மாதமாக ஆன்லைனில் தெரபி எடுக்கிறானாம். பொங்கலுக்கு வந்தவன், ‘எட்டாவதுல மார்க் குறைஞ்சதுக்கு மாமா, அத்தை எல்லார் முன்னாடியும் பெல்ட்டால அடிச்சீங்களே, ஞாபகம் இருக்காப்பா?’ என்று கேட்டான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தேன். பெற்றோர்மேல் பிள்ளைகளைத் திருப்பிவிடுவதுதான் உங்கள் வைத்தியமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ஐயா, எழுந்து போய்விட்டேன் என்று நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன்.

நாங்கள் ஏன் பால்யத்தைக் கிண்டுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குற்றவாளியைப் பிடிப்பதற்காக இல்லை. பதின்மூன்று வயதுப் பையன் பெல்ட் அடியை வாங்கும்போது கூடவே ஒரு சட்டத்தையும் மனதில் எழுதிக்கொள்கிறான்: ‘மார்க் குறைந்தால் நான் இந்த வீட்டுக்கு வேண்டாதவன்.’ அந்த வயதில் அது அவனுக்கு உதவியிருக்கும், விழுந்து விழுந்து படித்திருப்பான். இருபத்தொன்பது வயதில் மேனேஜர் ‘ஒரு நிமிஷம் வாங்க’ என்று கூப்பிட்டாலே உள்ளங்கை வியர்க்கிறது. ஏன் வியர்க்கிறது என்று அவனுக்கே தெரியாது. அந்தப் பழைய சட்டத்தைக் கண்டுபிடித்து, ‘இது இன்னும் அமலில் இருக்க வேண்டுமா?’ என்று அவனே கேட்டுக்கொள்ள வைப்பதுதான் வேலை. அங்கே போகும் வழியில் பெல்ட் வருகிறது, மாமா வருகிறார், நீங்களும் வருகிறீர்கள்.

டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர் பிரிட்டனில் இருந்தார். மனப்பகுப்பாய்விலும் பெரிய பெயர். குறையே இல்லாத தாய் என்று யாரும் இல்லை, குழந்தைக்கு அது தேவையும் இல்லை, போதுமான அளவுக்கு நல்ல தாயாக இருந்தால் போதும் என்று 1950-களிலேயே எழுதினார். தகப்பனுக்கும் அதுதான். வாயைக் கட்டிப் படிக்க வைத்ததும் நீங்கள்தான், பெல்ட்டை எடுத்ததும் நீங்கள்தான். இரண்டும் நடந்தது. ஒன்று இன்னொன்றை அழிக்காது. உங்கள் மகனுக்கு அது தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேண்டாத அப்பாவிடம் யாரும் பொங்கலுக்கு வந்து, முகத்துக்கு நேராக, ‘ஞாபகம் இருக்காப்பா?’ என்று கேட்க மாட்டார்கள். போனை எடுக்காமல் இருந்துவிடுவார்கள்.

நினைவிருந்தால் ‘இருக்குப்பா’ என்று சொல்லுங்கள். நினைவில்லை என்றால், ‘எனக்கு ஞாபகம் இல்லை, நீ சொல்லு, கேக்கிறேன்’ என்று சொல்லுங்கள். ‘உன் நல்லதுக்குத்தானே’ என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதல் வார்த்தையாக மட்டும் வேண்டாம். அதைக் கேட்ட மாத்திரத்தில் அவன் மறுபடியும் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவான்.

உங்கள் சந்தேகத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் தொழிலில் சிலர், தாங்கள் பார்த்தே இராத பெற்றோருக்கு நோய்ப் பெயர் சூட்டிவிடுகிறார்கள். ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு, ‘உங்கப்பா இந்த வகை ஆள், விலகி இருங்க’ என்பது எனக்கு ஏற்புடையது இல்லை. அடி உதையும் ஆபத்தும் இன்னும் தொடரும் வீடாக இருந்தால் விஷயம் வேறு. அப்போது விலகச் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் பெயரை உளவியல் படிக்கும் எல்லோரும் முதல் வருடமே கேட்டுவிடுவோம். அவர் இளைஞராக நியூயார்க் மாகாணத்தின் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான மையத்தில் வேலை பார்த்தபோது, அடங்காத பையனை ஒரு தாய் கூட்டி வந்தார். தாய் பையனை ஒதுக்குவதுதான் காரணம் என்று ரோஜர்ஸும் சகாக்களும் முடிவுகட்டி, அதை அவருக்குப் புரிய வைக்கப் பல வாரம் முயன்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ரோஜர்ஸ், ‘இருவரும் முயன்றோம், முடியவில்லை, நிறுத்திக்கொள்ளலாம்’ என்று சொல்லிக் கைகுலுக்கினார். கதவுவரை போன அந்தத் தாய் திரும்பி, ‘இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா?’ என்று கேட்டார். மறுபடியும் உட்கார்ந்து தன் கல்யாண வாழ்க்கையின் கஷ்டங்களைக் கொட்டினார். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று தான் கற்றுக்கொண்ட நாள்களில் அதுவும் ஒன்று என்று ரோஜர்ஸ் பின்னாளில் எழுதினார். உங்கள் பகுதியிலும் பெரியவர்களுக்கு ஆலோசனை தருபவர்கள் இருக்கிறார்கள், ஐயா. உங்கள் அப்பா உங்களை எப்படி வளர்த்தார் என்று யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான் கவுன்சலரிடம் சொல்வதை வீட்டில் சொல்லிவிடுவார்களா?
– ஒரு மாணவி, திருநெல்வேலி

உங்களுக்கு 18 வயது முடிந்துவிட்டது. உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டில் சொல்லக் கூடாது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காப்பதை உரிமையாகவே வைத்திருக்கிறது. விலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் உத்தரவிட்டால், குழந்தைகள்மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால். கடைசியில் சொன்னதைப் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012-ன் போக்சோ சட்டம் சொல்கிறது. இந்த எல்லைகளை முதல் நாளே எடுத்துச் சொல்லாதவரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள். கல்லூரி கவுன்சலர் என்றால், ‘எழுதி வைக்கிற குறிப்பை யார் யார் பார்ப்பார்கள்?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் வெளியிடாமல் விட்ட பகுதிக்கு: அந்த எண்ணம் மறுபடி வந்தால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஹாஸ்டலில் உங்களுக்கு நெருக்கமான ஒருத்தியிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள். இந்த வாரமே மனநல மருத்துவரையும் பாருங்கள்.

ராமேஸ்வரத்தில் வீடு, ராமநாதபுரத்தில் வேலை. போன வருடம் பாம்பன் பாலத்தில் பஸ் நின்றுவிட்டபோது நெஞ்சு படபடத்து, கைவிரல் மரத்து, செத்துவிடுவேன் என்று நினைத்தேன். ஈ.சி.ஜி., தைராய்டு எல்லாம் நார்மல். அதிலிருந்து பாலத்தைக் கடக்கவே முடியவில்லை, நீண்ட விடுப்பில் இருக்கிறேன். பேசுவதால் மட்டும் இது எப்படிச் சரியாகும்?
– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

பேச்சால் மட்டும் சரியாகாது. செய்தும் பார்க்க வேண்டும்.

பயத்தில் நாம் வேகமாக மூச்சு வாங்குகிறோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால்தான் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. உடனே ‘ஹார்ட் அட்டாக்’ என்று மனம் சொல்கிறது. பயம் கூடுகிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது. இந்தச் சுழலில் மனம் கண நேரத்தில் சொல்லிவிட்டுப் போகும் அந்த வாக்கியத்தைத்தான் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் பிலடெல்பியாவில் பிடித்தார். ‘தானாக எழும் எண்ணங்கள்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். இன்றைக்கு சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கும் சிகிச்சை) என்று நீங்கள் கேள்விப்படுவது அங்கிருந்து வளர்ந்ததுதான்.

உங்களைப் போன்றவர்களை, டாக்டர் இதயத்தில் கோளாறு இல்லை என்று எழுதித் தந்த பிறகு, என் அறையில் ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கச் சொல்வேன். நானும் சேர்ந்து வாங்குவேன். (இதை வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம்.) நாற்பது நொடியில் விரல் மரக்கும். ஒருவர் தன் கையைத் தூக்கிப் பிடித்து, ‘மேடம், அதேதான், அதேதான்!’ என்று கத்திவிட்டார். ஒன்றரை வருடமாகச் சாவு என்று நினைத்திருந்த ஒன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்துவிட்டுப் போனதை அவர் பார்த்தார். மூச்சு, விரல், நெஞ்சு, நினைப்பு என்று நோட்டில் அவரே அம்புக்குறி போட்டு வரைந்தார்.

அதற்குப் பிறகு படிக்கட்டு. உங்களுக்கானதை உங்கள் தெரபிஸ்டும் நீங்களும் சேர்ந்துதான் எழுத வேண்டும். உதாரணத்துக்குச் சொல்கிறேன்: பாலத்தில் பஸ் போகும் வீடியோவை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது, பயம் நூற்றுக்கு முப்பது. பாலம் தொடங்கும் இடம்வரை போய் நிற்பது, ஐம்பது. தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கடப்பது, எழுபது. பஸ்ஸில் தனியாக, தொண்ணூறு. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும். ஏறிய பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஓடி வந்துவிட்டால், ‘நல்லவேளை, தப்பித்தோம்’ என்று மனம் பழைய பாடத்தையே படிக்கும். கடைசிப் படியில் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரையையும் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். மாத்திரை இருந்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. தினமும் சாப்பிடும்படி டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை இதோடு குழப்பிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

பாலம் இரண்டே கால் கிலோமீட்டர் சொச்சம். அதை எத்தனை வாரத்தில் கடக்கிறீர்கள் என்பது போட்டி இல்லை. கடந்த அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், கவுன்சலர் – யாரிடம் போவது?
– ஒரு வாசகர், சிவகாசி

சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து மருத்துவமனைப் பயிற்சி முடித்து இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். மருந்து எழுத முடியாது. பதிவு எண் கேட்டால் தயங்காமல் காட்ட வேண்டும். ‘கவுன்சலர்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள். அதனால் எங்கே படித்தார், யாரிடம் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். காதில் குரல் கேட்பது, பல நாள் தூங்காமல் அலைவது, சாப்பாட்டையே விட்டுவிடுவது போன்றவை இருந்தால் முதலில் டாக்டர்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அடுத்த வாரம் முதல் தடவையாகப் போகிறேன். என்ன பேசுவதென்றே தெரியவில்லை. ஏதாவது எழுதிக்கொண்டு போக வேண்டுமா?
– ஒரு வாசகி, தேனி

எழுதினால்தான் வரும் என்றால் எழுதிக்கொண்டு போங்கள். வராவிட்டால் ‘என்ன பேசறதுன்னே தெரியல’ என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும், சர்க்கரை, பிரஷர் மாத்திரை உட்பட, எடுத்துப் போங்கள். கூட வருபவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். முடிந்தபிறகு உடனே வீட்டுக்கு ஓடிப்போய் உலை வைக்கிற மாதிரி நேரத்தை வாங்காதீர்கள். அரை மணி நேரமாவது உங்களுக்கென்று இருக்கட்டும். எங்கேயாவது உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.